தண்ணிக்குள்ளே முப்பது கிலோ

துடியலூர்

காங்கேயத்தில் இருக்கும் மரியாதைக்குரிய நங்கையா அவர்களுக்கு, தங்கள் தம்பி சம்சாரம் ராசாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தம்பியின் வலது கையும் வலது காலும் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டு அண்ணனும் தோப்பும் நலமென்று நம்புகிறேன். போனில் தாங்கள் பேசி முடித்ததும் வைத்துவிடுவதால் என்னுடைய முறை இதுவரை வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

"அம்பத்தெட்டு வயசுல ஊரே பார்க்கக் குளத்துல குதிக்கறாளாமா" என்று தாங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். முதலில், அது குளம் அல்ல. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பிசியோதெரபி சென்டர். உள்ளே நம்ம ஊட்டு ஹால் அளவுக்கு ஒரு தொட்டி, கொழந்தைக்கு ஊத்தற பதத்துல வெதுவெதுன்னு தண்ணி. ஊரெல்லாம் பார்க்கலீங்க. பார்த்தது அங்கே பிசியோவா இருக்கற ஷைமா மட்டுந்தான், உக்கடத்துப் பொண்ணு.

பக்கவாதம் வந்து ஏழு மாசமாச்சுங்க. உங்க தம்பி தொண்ணூறு கிலோ. கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்தறப்ப ரெண்டு தடவை நாங்க சேர்ந்தே விழுந்தோம். ரெண்டாவது தடவை விழுந்ததுக்கப்புறம் "இனி என்னைய எழுப்பாதே"ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்தவருதான், இருபது நாள். அப்பத்தான் நீங்க, தோப்புல கட்டில் போட்டு எண்ணெய் தேய்க்க ஆள் வெக்கறேன், கூட்டிட்டு வான்னீங்க. நல்ல மனசுலதான் சொன்னீங்க. ஆனா அதைக் கேட்டு அவரு "சரி"ன்னாரு பாருங்க, அந்தச் "சரி"தானுங்க எனக்குப் பயமாப் போச்சு. எதுக்குமே ஒத்துக்காத மனுசன்.

தொட்டிக்கு வரச் சொன்னா, "நீ எறங்கினா நானும் எறங்கறேன்"னாரு, நான் எறங்கமாட்டேன்ங்கற தைரியத்துல. எம்மக கனிஷ்கா பெங்களூர்ல இருந்து துணி வாங்கி அனுப்பிச்சா. கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் மூடின கறுப்புத் துணி. அதைப் போட்டுட்டு வந்து நின்னேன், அவரு ஏழு மாசத்துல மொத மொதல்ல சிரிச்சாருங்க. "எருமக்கன்னு"ன்னாரு. கோவம் வந்துது. ஆனா வார்த்தை குழறாம வந்துதே, விட்டுட்டேன்.

நெஞ்சளவு தண்ணியில நிக்க வெச்சு, "இந்த ஆழத்துல அங்கிளோட எடை மூணுல ஒரு பங்குதாங்க ஆன்ட்டி. முப்பது கிலோ. மீதியத் தண்ணி தூக்கிக்கும். புடிங்க"ன்னுது ஷைமா. புடிச்சேன். நம்ம கொப்பரை மூட்டையில பாதிதானுங்க இருந்தாரு. ஆனா என் நெஞ்சை யாரோ அமுக்கற மாதிரி இருக்கவும் கத்திப்போட்டேன். "தண்ணி எல்லாப் பக்கமும் அழுத்தும் ஆன்ட்டி, அதுலதான் அங்கிளோட கால் வீக்கம் வத்தும், மெதுவா மூச்சு உடுங்க"ன்னு எனக்குத்தான் முதுகு தடவிக் குடுத்துது. வெளிய சத்தம் கேட்டவிங்க நாந்தான் நோயாளின்னு நெனச்சிருப்பாங்க.

மூணாம் நாள் கால் அசையலைன்னு கோவத்துல தண்ணியத் தள்ளித் தள்ளிப் பார்த்தாரு. "நல்லாக் கோவப்படுங்க அங்கிள். எவ்வளவு வேகமாத் தள்றீங்களோ அவ்வளவு எதுத்து நிக்கும், அதுதான் பயிற்சி. நீங்க நிறுத்தினா தண்ணியும் நிறுத்திக்கும்"ன்னுது ஷைமா. முப்பத்தாறு வருசத்துல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அப்படி நிறுத்தியிருக்கமான்னு அன்னிக்குப் பூரா யோசிச்சேன்.

ஒம்பதாம் நாள் நான் தைரியமாக் கையை உட்டேன். தனியா ஆறடி நடந்தாருங்க. ஷைமா கை தட்டுச்சு. அப்புறம் படியேறினோம். ஒவ்வொரு படிக்கும் தண்ணி எறங்க எறங்க, இடுப்பு, முட்டி, கணுக்கால்னு, அவரு கனத்துக்கிட்டே வந்தாரு. கடைசிப் படியில பழையபடி தொண்ணூறு கிலோ. "மேல வந்தா அதே ஆளுதானே"ன்னு அழுதாரு. ஈரப் படியில பக்கத்துல உக்காந்து நானும் அழுதேன். துண்டு எடுக்கப் போன ஷைமா ரொம்ப நேரங்கழிச்சுத்தான் வந்துது. வண்டியில ஏறினதும் அவரா கேட்டாரு: "நாளைக்கு எத்தனை மணிக்கு?"

அதனால நாங்க இப்ப காங்கேயத்துக்கு வரலீங்க நங்கையா. கோவிச்சுக்காதீங்க. மூத்தவராகிய தாங்கள் அங்கிருந்தே எங்கள் இருவரையும் ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மரியாதையும், இப்போது கொஞ்சம் ஈரமும் உள்ள
ராசாத்தாள்

பி.கு.: இதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுப்போட்டு "பொய் எழுதாதே"ங்கறாரு. நிசந்தானுங்க. அன்னிக்கு நான் தைரியமாக் கையை உடலை. கால் வழுக்கித் தண்ணிக்குள்ள போயிட்டேன். ஷைமா வர்றதுக்குள்ள அந்த ஆறடியும் அவரு நடந்து வந்து, இடது கையில என் கொண்டையப் புடிச்சுத் தூக்கி நிறுத்தினாரு. உங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பீங்கன்னுதான் மாத்தி எழுதினேன். சிரிச்சுக்குங்க.