சுதர்சனம் வளர்த்த ஒற்றுமை

நம் நாட்டில் மழை பொய்த்தாலும் பொய்க்காமல் விளைகிற ஓர் இனம் உண்டு. நல்லிணக்கத் தலைவர் என்று பெயர். இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை, எதிரே வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் 'இவர் என்ன ஆட்கள்' என்று எடை போட்டுவிடும் கண்கள், எடை போட்டு முடித்ததும் 'நமக்குள்ளே என்ன பேதம்' என்று அகல விரியும் இரண்டு கைகள். விரிந்த கைகள் இதுவரை யாரையும் அணைத்ததாகத் தகவல் இல்லை. விரிப்பதோடு சரி.

தூத்துக்குடிக்கு வாய்த்தவர் சுதர்சனம். பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம். கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், எழுபத்தேழாம் ஆண்டுப் பொங்கலன்று, 'சர்வ சமூக நல்லிணக்க மன்றம்' தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் அவருடைய மைத்துனர். பொருளாளர் மைத்துனரின் சம்பந்தி. மற்ற சமூகங்கள் எல்லாவற்றுக்கும் கௌரவ உறுப்பினர் பதவி. கௌரவ உறுப்பினருக்கு என்ன வேலை? மேடையில் உட்கார வேண்டும், பொன்னாடைக்குத் தோளைக் காட்ட வேண்டும், போட்டோ எடுக்கும்போது நடுவில் நிற்கும் சுதர்சனத்தை மறைக்காமல் நிற்க வேண்டும்.

அவரை வஞ்சகர் என்று நினைத்துவிடாதீர்கள். வஞ்சகராக இருந்திருந்தால் சுலபம். மனுஷன் உண்மையாகவே நம்பினார். மேடையில் பக்கத்துக்கு ஒரு மதத்தார் அமர்ந்திருக்க, நடுவிலிருந்து பார்க்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும்.

மன்றத்தின் இரண்டாம் ஆண்டு விழா வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் சென்னையிலிருந்து தலைமை தாங்க வருகிறார். தலைப்பு, 'மாற்றுக் கருத்தை மதிப்போம்'. காயல்பட்டினத்து முத்து வியாபாரி வாவு மஹ்மூது வழக்கம்போல வருவார். தெருமுனை மளிகைக் கடை செந்தூர்பாண்டியும் வருவார். வழக்கமாக வரும் பாதிரியார்தான் தியானத்துக்குப் போய்விட்டார். ஒரு நாற்காலி காலி. யோசித்த சுதர்சனத்துக்கு அந்தோணியம்மாள் ஞாபகம் வந்தாள். செந்தூர்பாண்டி கடைக்கு எதிர் முக்கில் பதினெட்டு வருஷமாக மீன் விற்கிறவள். கடற்கரைக்கு ஒரு பிரதிநிதி, பெண்களுக்கு ஒரு பிரதிநிதி, உழைப்பாளிகளுக்கு ஒரு பிரதிநிதி. ஒரே நாற்காலியில் மூன்று பேரை உட்கார வைத்துவிடலாம்.

ஒரு சின்ன விஷயம். முந்தின வாரம்தான் அவர் நகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருந்தார். தெருமுனை மீன் விற்பனையால் குடியிருப்போருக்குத் துர்நாற்றம், ஆகவே அதை உப்பளத்துக்கு அப்பால் மாற்ற வேண்டும் என்று. நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது.

அவர் மனைவி கோமளவல்லி காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏன்னா, அவளைத் தெருவை விட்டே எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேள். இப்ப மேடைக்கும் கூப்பிடறேளா?"

"அது சுகாதாரம், இது ஒற்றுமை. அந்த ஃபைல் வேற, இந்த ஃபைல் வேற" என்றார் சுதர்சனம். குமாஸ்தாவாக இருந்தவருக்கு இதில் குழப்பமே கிடையாது.

அன்றே முக்குக்குப் போய், மீன் பெட்டிக்கு நாலடி தள்ளி, மூக்கில் கைக்குட்டையோடு நின்று அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மேடையில நீங்க வந்து உட்காரணும்மா."

அந்தோணியம்மாள் கையிலிருந்த சாளை மீனைப் பெட்டியில் போட்டாள். "நான் எதுக்கு சாமி?"

"உங்க ஜனங்க சார்பில ரெண்டு வார்த்தை. எல்லாரும் ஒண்ணா இருக்கோம்னு சொன்னாப் போறும். நல்ல புடவையாக் கட்டிண்டு வாங்கோ."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் அவளை எதற்கும் கூப்பிட்டதில்லை. மாதா கோயில் திருநாளுக்குக் கட்டும் புடவையை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை மனுவை விசாரிக்க நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். திங்கட்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். உப்பளத்துக்கு அப்பால் யார் வந்து மீன் வாங்குவார்கள்? வீட்டில் படுக்கையிலிருக்கும் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தார்கள். "யாரு சாமி எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாள். வந்தவர் பெயர்களை வாசித்துக் காட்டினார்.

விழாவில் சுதர்சனம் விருந்தினர்களை அறிமுகப்படுத்தினார். "நமது இஸ்லாமியச் சகோதரர், நமது வணிகச் சகோதரர், நமது கடலோரச் சகோதரி." பெயர்களுக்கு நேரமில்லை. பிறகு, பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு அவசியம் என்பதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். மற்றவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜை மணி அவர் கையருகில்.

அந்தோணியம்மாள் எழுந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணா இருக்கோம்னு சொல்லச் சொன்னாவ சாமி. இருக்கோம். பதினெட்டு வருசமா அந்த முக்குல ஒண்ணாத்தான் இருக்கேன். நேத்து ஒருத்தர் வந்து, பெட்டியத் தூக்கிட்டு உப்பளத்துக்கு அங்கிட்டுப் போயிருன்னு சொல்லுதாரு. மனுவுல நாப்பத்தொரு கையெழுத்து. மொதக் கையெழுத்து..."

மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அம்மா, இது விவாத மேடை இல்லை. கலந்துரையாடல் மேடை" என்றார் சுதர்சனம், மிக இனிமையாக.

"கலந்துதான் சாமி பேசுதேன். கோவமாப் பேசல. இங்கன உக்கார வச்சு பொன்னாட போட்டிய. அங்கன உக்காந்தா நாறுது, இங்கன உக்காந்தா நாறலியா? அத மட்டும் சொல்லிருங்க, எறங்கிருதேன்."

அவள் கேட்டது நியாயமா என்பதல்ல சுதர்சனத்தின் கவலை. நிகழ்ச்சி நிரலில் இது இல்லையே என்பதுதான். கை தானாக மணியைத் தேடியது.

அதற்குள் செந்தூர்பாண்டி எழுந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. "எட்டாவது கையெழுத்து என்னுது. சாமி கடைக்கு வந்து நின்னாரு, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அத அடிச்சிருங்க. ஏளா அந்தோணி, என் கடை வாசல்ல தென்பக்கம் சொந்த எடம் கெடக்கு. நாளையிலிருந்து அங்கன பெட்டியப் போடு."

"யாவாரம் படுத்துரும் அண்ணாச்சி. சைவக்காரவ வரமாட்டாவ."

"வராட்டிப் போறாவ."

மஹ்மூது மெல்லச் சிரித்தார். "நானும் இந்த மேடையில மூணு தடவை உக்காந்திருக்கேன். ஒருத்தர் கேட்டு இன்னொருத்தர் பதில் சொன்னது இன்னைக்குத்தான்."

இந்த நேரத்தில் நீதிபதி கைதட்டினார். எல்லாம் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "உரையாடல் என்றால் இதுவல்லவா" என்றார். சுதர்சனம் ஒரு கணம்தான் திகைத்தார். மறுகணம் ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது. "இதைத்தான் நமது மன்றம் ஆரம்பத்திலிருந்தே எதிர்பார்த்தது." கைகள் விரிந்தன.

வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் மனைவியிடம் கேட்டார். "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்?"

"நீங்க தப்பாவே பேசலை. பேச்சு எப்பவும் நன்னாத்தான் இருக்கு" என்றாள் கோமளவல்லி.

செந்தூர்பாண்டி கடைக்கு ஒரு மாசம் ஆறேழு வீட்டார் வரவில்லை. அடுத்த மளிகைக் கடை அரை மைல் என்பதால் பிறகு வந்துவிட்டார்கள். மீன் வாடையும் அங்கேயேதான் இருந்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த விழாவுக்கு அழைத்தபோது மஹ்மூது, "மேடைக்கு வரல சார். ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்க, சாப்பிட வாரேன்" என்றார். சுதர்சனம் வேறொரு இஸ்லாமியச் சகோதரரைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், 'மன்றத்தின் இடைவிடாத முயற்சியால் மீனவப் பெண்மணி ஒருவருக்கு நிரந்தர இடம்' என்று அச்சாகியிருக்கிறது.

படித்ததும் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் மனதில் வந்திருக்குமே? அவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். நல்லது, கொடுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வந்தபோது, 'நான் அப்படியில்லை, எனக்கு மஹ்மூது மாதிரி இத்தனை பேர், அந்தோணியம்மாள் மாதிரி இத்தனை பேர் பழக்கம்' என்று மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டீர்களா? போட்டிருந்தால் என் வாழ்த்துகள். தலைவர் பதவிக்கு நீங்கள் தயார். இனி மைத்துனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதான்.