அக்காவுக்காக நான் எடுத்துக்கொண்ட எக்ஸ்ரே

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்காவுக்கு, உன் இடுப்பு நீங்கலாக மற்ற அனைத்தும் நலம் என்று நம்பி, உன் தம்பி எழுதிக்கொள்வது.

"நீ முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து சொல்லுடா, அப்புறம்தான் நான் போவேன்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாய். மாடிப்படி ஏற முடியாமல் மூன்று வாரமாக நீ நாற்காலியிலேயே தூங்குவதாக அத்தான் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஆகவே நேற்று, வியாழக்கிழமை, கீழ்முதுகு எக்ஸ்ரேவுக்குப் போனேன். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் உலோகமாக இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். பெல்ட்டைக் கழற்றினேன். என் கால்சட்டை இத்தனை வருஷமாக எந்த நம்பிக்கையில் நின்றது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறு கையால் சாவி, சில்லறை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டேன். பிறகு ஓர் அங்கி கொடுத்தார்கள், அதை எப்படி மாட்டினாலும் ஏதாவதொரு பக்கம் உலகத்துக்குத் தெரிந்தது. மேசை மேலே படுத்தால் ஒரே ஜில். "ஐயோ" என்றேன். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றார் எக்ஸ்ரேகாரர். மல்லாக்கப் படுக்க வைத்து ஒன்று எடுத்தார். ஒருக்களித்து முழங்காலை மடக்கச் சொன்னார். "மூச்சைப் பிடிச்சுக்குங்க, ஆடாதீங்க" என்றுவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. நானும் பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடியது, அதில் நீ என் பலப்பத்தைத் தின்றதும் வந்தது, உன்னை மன்னித்துவிட்டேன். கடைசியில் அவர் எட்டிப் பார்த்து, "அப்பவே மூச்சை விடச் சொன்னேனே, காது கேக்கலையா?" என்றார். "முதுகுக்குத்தானே வந்திருக்கேன், காதுக்கு வேற டாக்டர்" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

வலித்ததா என்பாய். துளிகூட இல்லை. படத்தைப் பார்த்த டாக்டர் எனக்கு இருபது வயசு எலும்பு என்று வியந்தார். ஆகவே திங்கட்கிழமை நீ தைரியமாகப் போய்ப் படு. பயம் வந்தால் என்னை நினைத்துக்கொள்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் இடுப்புக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன், உன் தம்பி

பி.கு.: அண்ணி, இது உங்கள் தம்பி மனைவி எழுதுவது. கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். இதில் உண்மை கிழமை மட்டும்தான். பெல்ட்டைக் கழற்றச் சொன்னதும் "இதோ வந்துடறேன்" என்று போனவர் வீட்டுக் கட்டிலில்தான் அகப்பட்டார். எனக்கும் ஆறு மாதமாக இடுப்பு வலி. இந்த வீட்டில் வலி என்றாலே அது அவருடையது என்று ஆகிவிட்டதால் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஓடிய பிறகு, கூடப் போயிருந்த நான் டாக்டரிடம் என் வலியைச் சொன்னேன், எனக்கும் எக்ஸ்ரேவுக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார். மேசையில் படுத்தது நான். இருபது வயசு எலும்பும் என்னுடையதுதான். பத்து நிமிஷ வேலை அண்ணி, கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் உங்களோடு வருகிறேன், உள்ளேவரை உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இவரையும் கூட்டிப் போவோம். காரில் நடுவில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கதவுப் பக்கம் நாம் உட்கார்ந்துகொள்வோம்.