மடுவத்தின் பின்புறம் நான் அளித்த வாக்குமூலம்

நான் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தேன் என்கிறார்கள் கொஸ்லந்தையில். அதுவே பெரகல போய்ச் சேர்வதற்குள், மயங்கி விழுந்தேன் என்றாகிவிடுகிறது. இரண்டும் பொய். நடந்ததை நானே எழுதிவைக்காவிடின் இப்பொய்களே வரலாறாகிவிடும் என்னும் அச்சத்தால் இதனை வரைகின்றேன்.

தோட்டப் பாடசாலையில் தமிழாசிரியப் பணி முடித்து ஓய்ந்திருந்த காலம். குருதி அழுத்தத்திற்கு (எங்கள் தோட்டத்தில் ‘பிரசர்’) நாளும் ஒரு மாத்திரை விதித்திருந்தார் மருத்துவர். உடல் நலமாயிருக்கக் கண்ட நான், நோய் நீங்கியதென நானே தீர்ப்பெழுதி, மாத்திரைகளை அகராதிக்குப் பின்னால் ஒளித்துவந்தேன். கொழுந்தெடுக்கச் செல்லும் என் மனைவி சரசுவதி கேட்கும்போதெல்லாம், “போட்டாயிற்று” என்பேன்.

எங்கள் லயத்து வீட்டில் கைபேசிக்கு அலை எட்டாது. மேட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையாகிய மடுவத்தின் பின்புறந்தான் எட்டும். ஒரு நண்பகல் அங்கு நிற்கையில் அழைப்பு வந்தது. செவி மந்தமாதலால், வழக்கம்போல் கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கினேன்.

“வணக்கம் ஐயா, பதுளை ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். ஊரு சனங்களோட சுகாதாரம் பத்தி விசாரிக்கிறோம். நீங்க சொல்றது வேற யாருக்கும் தெரியாதுங்க. தனியாத்தானே இருக்கீங்க?”

“தனித்தே நிற்கின்றேன், மகளே. வினவுக.”

(மடுவத்தின் தகரத் தடுப்புக்கு மறுபுறம் தோட்டத்துப் பெண்கள் அனைவரும் கொழுந்துடன் வரிசையில் நின்றனர். தகரத்தைச் சுவரென்று நம்பியது என் பிழை.)

“பிரசர் மாத்திர ஒழுங்கா போடுறீங்களா?”

“ஐந்து திங்களாக ஒன்றையும் உட்கொள்ளவில்லை.”

“ஐயோ! வீட்டுல தெரியுமா?”

“தெரியாது. என் இல்லாள் எதையும் எளிதில் நம்பிவிடுவாள்.”

மடுவத்தில் பேச்சொலி அடங்கிற்று. அப்போதேனும் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

“தலைச்சுத்து வருதா ஐயா?”

“படியேறுகையில் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கேட்டால், செய்யுளொன்றைச் சிந்திப்பதாகச் சொல்வேன்.”

“அடப்பாவி மனுசா!” தகரம் அதிர்ந்தது.

“ஐயா, யாருங்க அது?”

“என் இல்லாள்,” என்றேன்.

“நாங்களுந்தான் இருக்கோம்!” என்றது வரிசை. “கணக்கப்புள்ள, கொழுந்து கெடக்கட்டும். சரசக்கா புருசன மொதல்ல நிறுங்க!”

சிரிப்பு அடங்கியதும் கைபேசியிலிருந்த பெண் தாழ்ந்த குரலில், “இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க ஐயா,” என்றாள்.

செடி கீறாதிருக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், சரசுவதி என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். வழிநெடுக, பற்றிய என் கையை விடவேயில்லை. மருத்துவர் அழுத்தத்தை இருமுறை அளந்தார். “இன்னுங் கொஞ்ச நாள் போயிருந்தா பக்கவாதந்தான். நல்ல வேள, வந்துட்டீங்க,” என்றார். அதன்பின்னரே அவள் கை தளர்ந்தது. இன்று அழுத்தம் அளவோடிருக்கிறது, நானும் இருக்கின்றேன்.

அன்று தொடங்கிய வழக்கமொன்று மட்டும் ஓயவில்லை. காலையில் வேலைக்குச் செல்லும் பெண்கள் எங்கள் வாசலில் நின்று, நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்த பிறகே மலையேறுகின்றனர். “நாக்கத் தூக்குங்க ஐயா, அடியில பாக்கணும்!” என்பவள் என் முன்னாள் மாணவி.

இக்கட்டுரையில் சொற்பிழையோ பொருட்பிழையோ காண்போர் அன்புகூர்ந்து எழுதித் திருத்துக. மாத்திரையில் நேரும் பிழைகளைத் திருத்த இங்கே ஒரு தோட்டமே இருக்கிறது.