நூற்றியொன்றாவது கோழி

நான் கோழி இல்லை. இதை ஒருமுறை என் மாமனார் வீட்டில் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்தது. (எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவளுக்கு வந்த கதியைப் பாருங்கள்!)

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம். "படிச்ச புள்ளதான் வேணும்" என்று தேடி வந்து பெண் கேட்டார்கள். எதற்கென்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு கோழிகளைப் பிடித்து எடை போட்டு, சராசரி பார்த்து நோட்டில் எழுத ஆள் வேண்டும். அதை வீட்டுக்காரர் போட்டோ எடுத்துப் பண்ணையின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். கால்நடை டாக்டர், தீவனக் கடைக்காரர், பங்காளிகள் எல்லாரும் அதில் உண்டு. சராசரியில் இருபது கிராம் குறைந்தால் போதும், மாமாவுக்குச் சோறு இறங்காது. மதியத்துக்குள் டாக்டர் பண்ணையில் நிற்பார்.

என் கதையோ கிலோக் கணக்கு. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஊதிக்கொண்டே போனேன். படியேறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?" என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். "முட்டை லோடு போகட்டும்" என்றார். முட்டை லோடு தினமும்தான் போகிறது!

"தின்னுபோட்டுத் தூங்குனா ஒடம்பு ஏறாம என்ன பண்ணும்?" என்றார் அத்தை. ஆண்கள் சாப்பிட்டு மீந்ததைத் தின்கிறவளுக்கு இந்தப் பேச்சு! நானாவது பஸ் ஏறிப் போயிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கிய வாய் அது.

ஒரு ஞாயிறு நூறு கோழியையும் எடை போட்டு முடித்த எரிச்சலில், தீவன மூட்டை நிறுக்கும் தராசில் நானே ஏறி நின்றேன். நோட்டில் நூற்றியொன்றாவது வரியில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். எடை: 84 கிலோ. வயது: 29 வருஷம். தீவனம்: மீந்தது. முட்டை: இரண்டு. குறிப்பு: ஒரு வருஷமாகச் சோர்வு. சாவு: இன்னும் இல்லை.

பக்கத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். அதற்குள் குழந்தை அழுதது, ஓடினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்.

கால் மணி நேரத்தில் டாக்டரின் போன். வேலையாட்கள், அத்தை, வந்திருந்த பங்காளிகள் எல்லாருக்கும் நடுவில் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்கய்யா, கடைசிக் கோழி எண்பத்து நாலு கிலோன்னு போட்டிருக்குதுங்களே?"

மாமா பதறிப்போனார். "தராசு கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க!" தராசைத் தட்டினார், ஆட்டினார், ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கி வைத்தார். சரியாக ஐம்பது காட்டியது.

"அப்ப எந்தக் கோழி அது?"

"கோழி இல்லீங்க மாமா, நாந்தானுங்க."

போனுக்குள்ளே சிரிப்பு, வெளியே சிரிப்பு. ஒரு வேலையாள் சிரித்த சிரிப்பில் முப்பது முட்டை அட்டையோடு கீழே விழுந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. (சாவுக் கட்டத்தைத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.)

டாக்டர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். குறிப்பைப் படித்திருப்பார் போல. "ஏனுங்கய்யா, ஒரு கோழி ரெண்டு நாள் இப்படிச் சோந்து நின்னா எனக்குப் பத்துப் போன் போடுவீங்க. நாளைக்கே அவங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க" என்றார்.

தைராய்டு. தினம் காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அந்த ஒரு மாத்திரை இல்லாமல் ஒரு வருஷம் தின்னிப் பட்டம் சுமந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கும் கல்யாணப் பந்திகளில் மாமா ஆரம்பிப்பார்: "எம்பட மருமவ நூத்தியொண்ணாவது கோழிங்க!" இலைக்கு இலை சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததை மட்டும் அவர் சொல்வதே இல்லை. அன்றைக்கு எடை போட்டு முடிந்ததும் அத்தை மெல்ல வந்து தராசில் ஏறினார். "என்னுதையும் எழுது, சாமி." முப்பத்தெட்டு கிலோ. தீவனக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"நீ தின்னு மீந்தது."

அப்படியே எழுதினேன். நோட்டை வாங்கிப் படித்த மாமா எழுந்துபோய், மறுபடியும் தராசைத் தட்டிப் பார்த்தார்.