பதினாறாவது லாரிக்குப் போட்ட துண்டு

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டால் சீட்டு நம்முடையது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. சி மொழியில் புரோகிராம் எழுதப் போனபோதும் இதையே நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு. 'மால்லாக்' என்று எழுதி, இவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் கம்ப்யூட்டர் தன் மெமரியில் இடம் கொடுக்கும் என்று புத்தகத்தில் படித்தேன். கொடுக்கும் என்றால் கொடுக்கும்தானே? (கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த பத்தியில் இருந்திருக்கிறது. அதற்குள் டீ வந்துவிட்டது.)

எண்பதுகளின் கடைசி. ஒரு சிமெண்ட் ஆலையில் தற்காலிக வேலை. லோடு ஏற்ற வரும் லாரிகளின் வரிசையைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மேனேஜர் முன்னால் ஒரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டால் வேலை நிரந்தரம். நானோ தாராளப் பிரபு. லாரி ஒன்றுக்கு நாலாயிரம் எழுத்து கொள்ளும் இடம் கேட்டேன். லோடு ஏற்றிக்கொண்டு போன லாரியின் இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஆள் இறங்கிப் போன பிறகும் துண்டு சீட்டிலேயே கிடந்தது.

மேனேஜர் வந்து உட்கார்ந்த அன்று, பதினைந்து லாரி வரை ராஜநடை. பதினாறாவதாக மீன்சுருட்டி டிரைவர் செல்லமுத்து அண்ணன் வந்தார். பெயரைத் தட்டினேன். திரை முழுக்கக் கிறுக்கல், அப்படியே உறைந்துவிட்டது. மெஷின் வெடிக்கப் போகிறது என்று முடிவுகட்டி, பிளக்கைப் பிடுங்கி, "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். (முதலில் ஓடியது நான்தான். இரண்டாவதாக யாரும் ஓடவில்லை.)

"ஏன் தம்பி, பொட்டி கடிச்சிருச்சா?" என்றபடி செல்லமுத்து அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"லிஸ்ட்டு போயிருச்சுண்ணே. யாருக்கு மின்னாடி யாருன்னே தெரியல."

"எனக்கு மின்னாடி பூலாம்பாடி வண்டி. இதுக்காய்யா ஏசி ரூமு?"

ஒவ்வொரு டிரைவரும் தனக்கு முன்னால் நின்றவரைக் கைகாட்ட, டீ ஆறுவதற்குள் வரிசை திரும்பி வந்துவிட்டது.

மேனேஜர் என் புரோகிராமின் பிரிண்ட்அவுட்டைப் புரட்டினார். "எடம் கேட்டிருக்க. குடுத்துச்சான்னு பாத்தியா?"

"கேட்டேன் சார்."

"அதான்யா, கேட்ட. குடுத்துச்சா?"

நான் பிடுங்கிய பிளக்கை எடுத்து மறுபடி மாட்டப் போனேன்.

"ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

அந்த ஆறு மாதத்தில் புரோகிராமுக்குள்ளேயே ஒரு சின்ன காவல்காரனை எழுதினேன். இனி யார் இடம் கேட்டாலும் அவன் மூலமாகத்தான் கேட்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் 'இடமில்லை' என்று திரையில் சொல்லிவிட்டு, இருக்கும் பட்டியலைப் பத்திரப்படுத்தி நிறுத்துவான். லாரி கிளம்பினால் துண்டை எடுத்துவிடுவான். வேலை நிரந்தரமானது.

அவமானமும் நிரந்தரமானது. கல்யாண வீட்டில் நான் பந்திக்கு விறுவிறுவென்று நடந்தால், என் மனைவி அத்தனை பேர் முன்னால் கேட்பாள்: "எடம் இருக்கான்னு பாத்தீங்களா, இல்ல துண்ட மட்டும் போட்டுட்டீங்களா?"

மெஷின் வெடிக்கவெல்லாம் இல்லை. பதினாறாவது லாரிக்கு இடமில்லை என்று அது, இடத்துக்குப் பதில் ஒரு பூஜ்யத்தை என் புரோகிராமிடம் கொடுத்து, முறையாகச் சொல்லியிருந்தது. நான்தான் காதில் வாங்காமல், இல்லாத சீட்டில் செல்லமுத்து அண்ணனை உட்கார வைத்தேன்.