முதுகலைத் தடயவியலும் என் சட்டைக் கையும்

நாற்பத்து நான்காம் வயதில் மறுபடியும் மாணவனாவது என்று நான் எடுத்த முடிவைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பொறிக்க ஆள் கிடைக்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குத் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை. உடனே பூதக்கண்ணாடியும் கையுமாக என்னைக் கற்பனை செய்துவிட வேண்டாம். காவல் நிலையங்களிலிருந்து வரும் பொட்டலங்களை வாங்கி, அரக்கு முத்திரை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, எண் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவன் நான். பத்தொன்பது வருடமாக அதே பூட்டு, அதே சாவி, அதே நான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் பாக்கியம் மாடியில் உட்கார்ந்திருக்கும் அறிவியல் அலுவலர்களுக்குத்தான். நேற்று வேலைக்கு வந்தவர்கூட முதுகலைத் தடயவியல் படித்திருந்தால் மாடி ஏறிவிடுவார். என்னை எல்லோரும் ‘அரக்கு அண்ணன்’ என்று அன்பாகக் கூப்பிட்டுக் கீழேயே வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. இரண்டு வருடத்தில் ஓர் அலுவலர் ஓய்வு பெறுகிறார். ஒரே ஓர் இடம். முதுகலைத் தடயவியல் முடித்த யாரும் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்காக இங்கே ஒரு கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பும் இருந்தது. இதை விட்டால் நான் ஓய்வு பெறுகிறவரை அரக்குதான். அடித்தல் திருத்தல் வந்தால் உதவட்டும் என்று இரண்டு விண்ணப்பங்களாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்பே வேதியியலில் பட்டம் வாங்கியவள். அதை அவளும் சொல்லிக்காட்டியதில்லை, நானும் ஞாபகப்படுத்தியதில்லை. என் முடிவைக் கேட்டதும் அவள் மெஷினை நிறுத்தினாள். படிக்கிறவருக்குத் தொந்தரவு கூடாது என்றாள். பாத்திரம், கடைத்தெரு, இஸ்திரி எல்லாம் இனி தன் பொறுப்பு என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் புறப்பட்டேன். கல்லூரிக்கு இரண்டு தெரு முன்னால் எங்கள் ஆய்வக ஜீப் டிரைவர் வீடு. வாசலில் நின்றிருந்தார். உள்ளே கேரம் பலகை போட்டிருந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்றார். அந்த ஒரே ஒரு ஆட்டம் ஏழு மாதம் நடந்தது. வருகைப் பதிவில் அங்கே கண்டிப்பு கிடையாது என்று டிரைவரே விசாரித்துச் சொல்லி என் மனச்சாட்சியைத் தூங்க வைத்தார். சனிக்கிழமைகளில் தைத்த துணிகளை வீடு வீடாகக் கொடுக்க என் மனைவியும் வெளியே போய்விடுவாள் என்பதால் வீட்டிலும் கேள்வி கிடையாது.

கேள்வி ஒரு சனிக்கிழமை மாலை வந்தது.

“என்னங்க, சட்டைக் கையில என்ன வெள்ளையா?”

“அதுவா? ரேகைப் பொடி. இன்னைக்குக் கைரேகை எடுக்கற செய்முறை.”

“அப்படியா? இப்படிக் கொடுங்க.”

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, என் கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் அழுத்தினாள். சட்டைக் கையை அதன்மேல் உதறி மெல்ல ஊதினாள். பொடி மொத்தமும் பறந்தது. டம்ளர் பளிச்சென்று இருந்தது.

“ரேகைப் பொடின்னா விரல் எண்ணெய்ல ஒட்டணுமே. இது வழுக்கிக்கிட்டு ஓடுது?”

“மட்டமான பொடி. கல்லூரியில சிக்கனம்.”

“நடுவிரல் நகத்தோரம் ஏன் சிவந்திருக்கு?”

“எழுதி எழுதி.”

“நடுவிரல் நகத்தாலயா எழுதறீங்க?”

நான் டம்ளரைப் பார்த்தேன். டம்ளர் எனக்கு உதவுகிற நிலையில் இல்லை.

அவள் என் பேன்ட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு நூலை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஆரஞ்சு நூல். “இந்தக் கலர் கடையில ஒரே ஒரு கண்டுதான் இருந்துச்சு. நான்தான் வாங்கினேன். உங்க டிரைவர் வீட்டு சோபா உறைக்கு ஓரம் அடிச்சேன்.”

எனக்கு மெய்சிலிர்த்தது. பயத்தில் பாதி, மீதி நிஜமான பிரமிப்பு. எங்கள் ஆய்வகத்தில் இதே முடிவுக்கு வர மூன்று அலுவலர்கள், இரண்டு நுண்ணோக்கிகள், ஆறு மாதம் ஆகும். இவள் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். மாட்டிக்கொண்ட வருத்தத்தைவிட, மாட்டவைத்தவள் என் மனைவி என்ற பெருமைதான் எனக்கு அதிகமாக இருந்தது.

“போற வழியில பாடத்துல ஒரு சந்தேகம் கேக்கப் போனேன்,” என்றேன்.

“சரிங்க, நல்லா படிங்க,” என்று சிரித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். திட்டவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் நினைப்பேன்.

தேர்வு நெருங்கியது. புத்தகத்தைத் திறந்தாலே கண் சொருகியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் படுத்தபடி காதால் உள்வாங்குவேன். அவள் மறுப்பே சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாகப் படித்தாள். இடையிடையே என்னை எழுப்பி, இப்போ என்ன படிச்சேன் என்பாள். ரத்தம் என்பேன். தடயவியலில் பத்துக்கு ஆறு கேள்விக்கு அது சரியான பதில்.

தேர்வு நாளும் வந்தது. அவள் காலையிலேயே ஏதோ அவசரத் துணி கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். நான் பத்து நிமிடம் தாமதமாகப் போய், மூச்சு வாங்க என் இடத்தில் உட்கார்ந்தேன். முன் பெஞ்சில் ஒரு பின்னல். பதினாறு வருடமாகப் பார்த்த பின்னல். பின்கழுத்தில், தைக்கும்போது குத்திக்கொள்ளும் ஊசிகூட அப்படியே காலரில் இருந்தது.

“நீ எங்க இங்க?” என்று கிசுகிசுத்தேன்.

திரும்பாமலேயே பதில் வந்தது. “அடித்தல் திருத்தலுக்குன்னு ரெண்டாவது விண்ணப்பம் வாங்கினீங்களே. வீணாப் போகலாமா?”

அதன்பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. ஏழு மாதமாகச் சனிக்கிழமை தோறும் இவள் துணி கொடுக்கப் போகவில்லை. நான் போகாத வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டைக் கையை உதறிப் பார்த்த அன்றைக்குக் கைரேகைச் செய்முறையே நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நூலையும் நகத்தையும் அவள் பார்த்ததெல்லாம் வீட்டுப்பாடம். நான்தான் பரிசோதனைப் பொருள்.

ஆனாலும் மனிதனுக்கு ஆசை விடுமா? வினாத்தாளில் மூன்றாவது கேள்வி நார்களைப் பற்றி. நார் என்றால் என் மனைவி, நூல் என்றாலும் என் மனைவி.

“கொஞ்சம் பேப்பரைத் தள்ளி வை. மூணாவது மட்டும்.”

அவள் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வந்தார்.

“சார், என் இடத்தை மாத்துங்க. பின்னால யாரோ ஒருத்தர் தொந்தரவு பண்றார்.”

யாரோ ஒருத்தர்!

நான்கு தாளில் நான் மூன்றில் தோற்றேன். தேறிய ஒன்று ரத்தம். அவள் வகுப்பில் முதலாவது. அடுத்த வருடம் நான் பாத்திரம் துலக்க, அவள் படித்தாள். நேர்முகத் தேர்வில் அவள் சொன்ன பதில்களைக் கேட்டு இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். மாடியில் காலியான அந்த ஒரே இடம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் அவள் படியேறுவதைக் கீழே நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது நிஜம். நெஞ்சு நிறைந்ததும் நிஜம்.

நான் பொட்டலம் பூட்டுகிற தடயப் பொருள் அறை அவள் பிரிவில்தான் வருகிறது; என் விடுப்புக்கும் இனி அவள் கையெழுத்துதான். அதை நான் மறந்திருக்கக் கூடாது. போன புதன்கிழமை டிரைவர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். விடுப்புக் கடிதத்துக்கு நான் புதிதாக மூளையைக் கசக்குவதில்லை. வருடக்கணக்காக ஒரே வாசகம்தான், ஜெராக்ஸ் எடுத்து மேஜைக்குள் ஒரு கட்டே இருக்கிறது. ஒன்றை உருவி, தேதி போட்டு, கையெழுத்திட்டு மாடிக்கு அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தது.

‘என் மனைவி கடும் காய்ச்சலில் படுத்த படுக்கையாக இருப்பதால்’ என்ற வரிக்குக் கீழே பச்சை மையில் எழுதியிருந்தது: ‘நேரில் பரிசோதித்தேன். மனைவி நலம். விடுப்பு இல்லை.’