தேங்காய் அண்ணன் தேடிய பச்சைப் பாம்பு

பாம்புகளை இவ்வளவு ஆசையாகத் தேடி, அவற்றால் இவ்வளவு அலட்சியப்படுத்தப்பட்ட மனிதர் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் வேறொருவர் கிடையாது.

எங்கள் தெருவில் அவர் பெயர் தேங்காய் அண்ணன். போர்வெல் போடும் தோட்டங்களில் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். அது நிமிர்ந்து நின்றால் அங்கே தண்ணீர். சில இடங்களில் வெறும் புழுதி பறந்ததும் உண்டு. அதற்குத் தேங்காய்தான் பொறுப்பு.

காட்டில் திரியும் பச்சைப் பாம்பை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஞாயிறுதோறும் கொல்லிமலை. பைக் ஓட்ட நான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட என் இடுப்பைப் பற்றி அவர் விசாரித்ததில்லை.

மலையேறியதும் பையிலிருந்து தேங்காய் வெளியே வரும்.

“ஏனுங்கண்ணா, தேங்கா தண்ணி பாக்கத்தானுங்க?”

“தண்ணியும் நெளிஞ்சு போகுது, பாம்பும் நெளிஞ்சு போகுது. தேங்காய்க்கு என்ன வித்தியாசம் தெரியும் சாமி?”

பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதற்காக போர்வெல் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டிங் கண்ணாடி இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார். அதன் வழியே சூரியனே மங்கலான பொட்டாகத்தான் தெரியும்.

“கழட்டிட்டுப் பாருங்கண்ணா.”

“கழட்டுனாக் கொத்திப்போடுமே!”

ஒருமுறை தேங்காய் நிமிர்ந்த புதருக்குள் காதல் ஜோடி இருந்தது. அந்தப் பெண் வீறிட்டாள். கறுப்புக் கண்ணாடியும் தேங்காயுமாக ஒருவர் வந்து நின்றால் யார்தான் வீறிட மாட்டார்கள்?

கடைசியில் அவர் மனைவி பொறுக்க முடியாமல் மாரியம்மன் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

“ஒரே ஒரு பாம்பப் பாத்துப்போட்டா, அப்பறம் மலைப்பக்கமே போகக்கூடாதுங்க.”

அண்ணன் தலையாட்டினார். சீக்கிரம் ஒன்று கண்ணில் படட்டும் என்று நானும் ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். என் இடுப்பு என் கவலை.

போன ஞாயிறு, மிளகுக் கொடியில் அது இருந்தது. தளிர் நிறம், கூர்மூக்கு. அவருக்குப் பத்தடி தள்ளி, சாவகாசமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு தேங்காய்ப் பக்கமே குனிந்திருந்தார். தேங்காய் படுத்தே கிடந்தது. அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

“ஏஞ்சாமி, ஏதாச்சும் தெரியுதா?” என்றார் திரும்பாமலே.

அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். இடுப்பு வலி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. அடுத்த வாரம் வந்து பாப்போமுங்க” என்றேன்.